புட்டிக்குள் பதித்த நட்டு

கார் பழுது பார்த்த கதை யாருக்கு வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் வேலை முடிந்து, வண்டி ஓடி, மழைக்காலமும் வந்துவிட்ட பிறகும், அதைச் செய்தவன் மேல் எனக்கு இருப்பது கோபமா வேறு ஏதாவதா என்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடினால் அந்த ஆளோடு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. அவன் யார், எந்த ஊர்ப் பட்டறை, ஒன்றும் தெரியாது. நான் இந்த வண்டியை வாங்குவதற்கு முன்னால் எப்போதோ இன்ஜின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் ஸ்டட்களில், அதாவது தலையில்லாத போல்ட்டுகளில், ஒன்று ஒடிந்திருக்கிறது. ஒடிந்த துண்டை எடுக்காமல், அந்த இடத்தில் சைலன்சருக்குப் பூசும் புட்டி என்கிற பசையை அப்பி, அது காய்வதற்குள் ஒரு நட்டை அதில் பதித்து, எல்லா நட்டும் ஒழுங்காக முடுக்கியிருப்பதாகத் தெரியும்படி செய்து, மேலே தகட்டையும் மாட்டி அனுப்பியிருக்கிறான்.

என்னுடையது பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். பேர் எதற்கு? கிருஷ்ணகிரியில் தெருவுக்கு இரண்டு நிற்கும் ரகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். மெயின் ரோடு ஏறுவதற்குள் அடங்கிவிடும். கேட்டவர்கள் எல்லாரும் வால்வு பக்கத்துச் சத்தம், டேப்பட் என்றார்கள். சூடானதும் அடங்குகிறதே என்பதுதான் எனக்கு உறுத்தியது. மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் இப்படித்தான் செய்யும். குளிர்ந்திருக்கும்போது இடுக்கு வழியாகப் புகை அடித்துக்கொண்டு வெளியே வரும். வார்ப்பிரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு நெருங்கிக்கொள்ளும், சத்தம் போய்விடும். கசிவு முழுசாகப் போகாது. ஒரு தடவை சேலத்தில் கல்யாணம் முடிந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் திணறி இழுக்க, அந்தச் சூட்டிலும் டிக் டிக் கேட்டது. பின்சீட்டில் இருந்த மகள், "அப்பா, வண்டிக்குள்ள பட்டாசு வாசனை வருது" என்றாள். கண்ணாடிகளை இறக்கினோம். தர்மபுரி தாண்டியும் யாரும் ஏற்றவில்லை.

வாசனை வரும் புகையாவது பரவாயில்லை, கண்ணாடியை இறக்கிவிடலாம். காருக்குள் காற்றை இழுக்கும் வாய் பானட்டின் பின்விளிம்பில், முன்கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கிறது. பானட்டுக்குள் கசிகிற புகையில் ஒரு பங்கு அந்த வழியாக உள்ளே வரும். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மைலேஜ் குறைந்ததற்கும் அங்கேதான் காரணம் இருந்தது. புகை குழாயில் ஒரே சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. துடிப்புகளுக்கு நடுவே விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று பொய்த்தகவல் கொடுக்க, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். சேலத்திலிருந்து வந்த மறுநாள் விடிகாலையில், பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு ஓரமாக ஒரு ஊதுபத்தியைக் காட்டினேன். நேராக எழும்பிய புகை ஒரு இடத்தில் மட்டும் வெட்டி வெட்டி விலகியது. டார்ச் அடித்தால் அங்கே கரி படிந்த கோடு.

வீட்டிலேயே எதற்கு

"இதெல்லாம் பட்டறையில உட்டா ஒரு நாள் வேல, எதுக்கு மாப்ள சட்டையெல்லாம் கிரீஸாக்கிக்கிற?" என்று மாமா கேட்டார். அக்கா வீட்டுக்காரர். பழைய வண்டி வாங்கி விற்பதில் அவருக்கு நல்ல பழக்கம். அவரிடம் நான் கூலி மிச்சம் என்று சொல்லித் தப்பித்தேன். அது பாதிதான் நிஜம். ஒரு பட்டறையில் விரிசலை வெல்டு வைத்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். வார்ப்பிரும்பை முழுசாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட்டால் வெல்டிங் பிடிக்கும். அவசரத்தில் சாதா ராடு வைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். இன்னொரு இடத்தில் மாற்றித்தரத் தயாராக இருந்தார்கள், மாலையே வண்டி கையில் என்றார்கள். எனக்குப் பயம் அந்த மாலையின் மேல்தான்.

வருஷக்கணக்கில் 600, 700 டிகிரி புகை போய் வந்த இடத்தில் இருக்கும் நட்டு, கேட்ட உடனே அவிழாது. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் மறுபடி அடிக்க வேண்டும். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி ஆறவிட்டு இன்னொரு தரம் அடிக்க வேண்டும். எண்ணெய் மரைக்குள் இறங்குவதற்கு நேரம்தான் தேவை, திறமை அதற்கப்புறம். பட்டறையில் ஒரு வண்டி நிற்கிற இடத்தில் அன்றைக்கு நான்கு வண்டி வந்துபோக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஆயிடுச்சாண்ணா?" என்று கேட்கிற நமக்கு முன்னால், ஒரு நட்டுக்கு ஒரு ராத்திரி கொடுக்க எந்த மெக்கானிக்கால் முடியும்? என் வீட்டு வாசலில் அந்த ராத்திரி இலவசம்.

மேனிஃபோல்டு இங்கே கிடைக்கவில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் புதுசாகவே கிடைத்தது. புதுசு என்றாலும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் உட்காரும் முகத்தின் மேல் நேர்ப்பட்டையை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங், புது ஸ்டட், புது நட்டு, கீழ்க்குழாய்ச் சேருமிடத்துக்கான வளையம், எல்லாம் சேர்த்து வாங்கியாயிற்று. கீழே படுத்து வேலை செய்ய இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் வாங்கினேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிரானைட் துண்டு கிடக்கும், அதையே அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க கிரானைட் போதும். காரைத் தாங்க மட்டும் அதை நம்பாதீர்கள். அது வளையாது, முனகாது, சட்டென்று பிளக்கும். அடியில் இருப்பது நம் நெஞ்சு.

ஓரத்து ஸ்டட்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கூலன்ட் வடித்து, ரேடியேட்டரையும் எடுத்து வைத்துவிட்டேன். என் வண்டியில் மேனிஃபோல்டு ரேடியேட்டர் பக்கம் பார்த்திருக்கிறது. இடையில் கை நுழையும், ஆனால் நுழைந்த கை திரும்பாது. ரேடியேட்டரை எடுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர். அவிழ்ப்பதற்கு முன் துளியூண்டு இறுக்கிப் பார்க்கச் சொல்வார்கள், துரு முதலில் அந்தப் பக்கம் உடையட்டும் என்று. நடு நட்டுகள் அப்படியே ஒரு 'டக்' போட்டு வந்துவிட்டன. ஒன்று மட்டும் டக் என்று சொல்லாமல் இளகியது. கெட்டியாகிவிட்ட கேழ்வரகுக் களியில் துடுப்பைத் திருப்பினால் கையில் ஒரு இழுவை தெரியுமே, அந்த இழுவை. ஸ்பேனர் சுற்றுகிறது, நட்டு அவிழவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்று போனால் கையோடு வந்துவிடும். அங்கேயே நிறுத்தி, திரும்ப அதன் இடத்துக்கே கொண்டுவந்து, எண்ணெய் அடித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கிய காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய இரும்பே மண்ணுக்குள் காத்திருந்ததாம், என் நட்டு ஒரு ராத்திரி காத்திருக்கட்டும். மறுநாள் மெழுகுவர்த்தியைத் தயாராக வைத்துக்கொண்டு, சின்ன கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கி, மெழுகை மரையின் வாயில் தொட்டுவிட்டேன். உருகிய மெழுகு உள்ளே இறங்கியது. முன்னும் பின்னுமாக ஆட்ட ஆட்ட, அழுதுகொண்டே வந்தது.

ஓரத்து நட்டுக்கு வந்தபோதுதான் அது. ஸ்பேனரை வைத்தேன், தொட்ட மாத்திரத்தில் நட்டு கையோடு வந்துவிட்டது, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு. புட்டி. ஓரத்து ஸ்டட் ஒடிவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு; ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று தேய்த்து நகரும், அந்த நகர்வு நடுவில் குறைவு, ஓரத்தில் அதிகம். ஓரத்து ஸ்டட்தான் தினமும் வளைந்து நிமிர்கிறது. ஓரப்பிடி போன மேனிஃபோல்டு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறது, நாளடைவில் விரிசலும் விட்டிருக்கிறது.

வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாக ஆலையில் தரச்சோதனையில் இருக்கிறேன். கெட்ட பாகத்துக்குச் சிவப்பு டேக், சரிசெய்த பாகத்துக்கு மஞ்சள் டேக் கட்டுவதுதான் என் பிழைப்பு. ஒடிவது எனக்குப் பழகின சங்கதி. தினமும் ஏதாவது ஒன்று ஒடியும், கீறும், அளவு தப்பும். ஆனால் ஒடிந்ததற்குமேல் நல்ல நட்டு ஒன்றை எடுத்துப் பதித்து வைத்த அந்தக் கைநேர்த்தி! சும்மா விட்டிருந்தால்கூட அடுத்தவன் கண்ணில் பட்டிருக்கும். என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் புகையை இழுத்திருக்கிறாள். அன்றைக்கு அவன் எதிரில் வந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கோணல் துளை

மேனிஃபோல்டை இறக்கிவிட்டு, அந்தத் துளையில் இருந்த புட்டியைக் கொத்தி எடுத்தேன். ஸ்டட் ஹெட்டின் மட்டத்துக்கே ஒடிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்துப் பார்த்தால், ஒடிந்த முகத்தில் ஒரு சின்னத் துளை. நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, சாய்ந்து, விளிம்பை நோக்கி இறங்கியிருந்தது. விளிம்பில் மரையின் ஒரு கீற்று தின்னப்பட்டு, வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அதோடு துளை நின்றுபோயிருந்தது.

எனக்கு அதை முதலில் படிக்கத் தெரியவில்லை. படித்துச் சொன்னவர் லேத் பட்டறை அண்ணன். ராயக்கோட்டை சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவா என்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெல்டிங் மெஷினோடு வீட்டுக்கே வந்தார். குனிந்து டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, இத பண்ணவன் ஒண்ணுந்தெரியாதவன் இல்ல. பஞ்ச் அடிச்சிருக்கறான் பாரு, நடுவுலதான் அடிச்சிருக்கறான். ரேடியேட்டர கழட்டாம ட்ரில்ல உள்ள உட்டிருக்கறான். மெஷினு நேரா நிக்க எடமில்ல, சாஞ்சிடுச்சி. அலுமினியத்துல எறங்குதுன்னு கையில தெரிஞ்சதும் நிறுத்திட்டான். வேற ஒருத்தனா இருந்தா அமுக்கிப் புடிச்சி ஹெட்டையே காலி பண்ணியிருப்பான்."

"நிறுத்தினவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே அண்ணா."

"யாரு கிட்ட? ஒடைஞ்சுபோச்சி, ஹெட்ட எறக்கணும், ரெண்டு நாளு ஆவும், இவ்ளோ காசு ஆவும்னு சொன்னா வண்டிக்காரன் என்னா சொல்லுவான்? நீதான ஒடச்ச, நீயே சரி பண்ணுன்னுவான். அன்னிக்கி கூலியும் போச்சி, ஹெட்டு வேல கைக்காசு. நீயா இருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

"இப்ப சொல்லுவ" என்று சிரித்துவிட்டு முகமூடியை இறக்கினார்.

கம்ப்யூட்டரின் இணைப்புகளைப் பிரித்து, பெட்ரோல் குழாய்ப் பக்கம் ஈரச்சாக்கு போட்டு, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்திருந்தோம். அவர் செய்தது எளிமையான வேலைதான், ஆனால் பார்க்க வேண்டும். அந்தக் கோணல் துளைக்குள்ளேயே முதலில் சொட்டுச் சொட்டாக வெல்டை நிரப்பி மேடாக்கினார். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டட்டில் மட்டும் பிடிக்கும். அதுதான் இந்த வித்தையின் மர்மம் எல்லாம். மேட்டின்மேல் ஒரு வாஷர், வாஷர்மேல் நட்டு, நட்டின் உள்ளே வெல்டு. வெல்டின் சூடே ஸ்டட்டை அலுமினியத்தின் பிடியிலிருந்து கொஞ்சம் அசைத்துவிடும். சிவப்பு அடங்கியதும் மெழுகைத் தொட்டார். பிறகு ஸ்பேனரைப் போடாமல் டீ கேட்டார். டீ வந்தது, குடித்தார், மாங்காய் விலையைப் பேசினார், இந்த வருஷம் பெங்களூராவைக் கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று வருத்தப்பட்டார். நான் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வைத்தது பிய்ந்து வந்தது. முகம் மாறாமல் மறுபடி வைத்தார், மறுபடி ஆறவிட்டார். இருட்டின பிறகுதான் அது அசைந்தது. முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு, ஒடிந்த துண்டை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். அந்தக் கோணல் துளை இருந்த பக்கம் மரை கெட்டிருந்ததால் பெரிய டேப்பால் புது மரை வெட்டி, அதில் கம்பிச்சுருள் மரை இறக்கினார், ஹெலிகாயில் என்பார்களே, அது. புது ஸ்டட் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

அவர் போன பிறகும் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு துண்டுக்கு ஒரு ஞாயிறு மாலை முழுசும் போயிருக்கிறது, அதுவும் ரேடியேட்டர் இல்லாத, யாரும் அவசரப்படுத்தாத வாசலில். முன்னவனுக்கு அந்த ரேடியேட்டர் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கப்படவில்லை. யார் கொடுக்கவில்லை? முதலாளியா, வண்டிக்காரனா, கேட்டு வாங்கத் தெரியாத அவனேயா? வேலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்ட பிறகு காத்திருப்பதற்குக் கூலி எந்தக் கணக்கில் வரும்? எங்கள் ஆலையில் நான் சிவப்பு டேக் கட்டினால் என் சம்பளம் குறையாது, ஒருவகையில் அதற்குத்தான் சம்பளமே. அவன் ஒரு டேக் கட்டியிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும், ஒருவேளை வேலையே போயிருக்கும். உண்மையைச் சொல்வது எனக்கு உத்தியோகம், அவனுக்கு நஷ்டம். இதை யோசித்தபோது கோபம் பாதி இறங்கியது என்பது நிஜம். மீதிப் பாதி இறங்கவில்லை. துளை போடுவதை நிறுத்தியவனை எனக்குப் பிடித்துவிட்டது. நட்டைப் பதித்தவனை இன்னும் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே கை, ஒரே மாலை என்பதுதான் சிக்கல்.

மாட்டியது

மாட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. ஹெட் முகத்தைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்க்க வேண்டும். பேக்கிங்குக்கு மேல் பேஸ்ட் எதுவும் தடவவில்லை. ஸ்டட்களில் மட்டும் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் கொஞ்சம். நடுவிலிருந்து தொடங்கி மாறி மாறி இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும், ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக. எட்டு மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், கையேட்டைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வையுங்கள். "கைக்கே தெரியும்" என்கிற கைகள்தான் பாதி ஸ்டட்டை ஒடிக்கின்றன. ஸ்டார்ட் செய்ததும் புதுப் பாகத்தின் மேல் இருந்த எண்ணெய் எரிந்து புகைந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "தீ கீ புடிச்சிக்கப்போவுது சாமி" என்றார். சூடாகி ஆறிய பிறகு மறுபடி ரெஞ்சைப் போட்டதில் ஓரத்து நட்டு இன்னும் கொஞ்சம் ஏறியது. ஊதுபத்திப் புகை நேராக நின்றது.

மஞ்சள் டேக் ஒன்றை ஆலையிலிருந்து கொண்டுவரலாமா என்று யோசித்து, வேண்டாமென்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: ரேடியேட்டர் பக்கம் பார்த்து நின்றால் இடது ஓர ஸ்டட், ஹெட்டில் ஹெலிகாயில் போட்டது, 20-க்கு மேல் இறுக்காதே, கழற்றும்போது ரேடியேட்டரை எடுத்துவிட்டுக் கழற்று. தேதியும் போட்டு, டாஷ்போர்டு பெட்டிக்குள் ஆர்.சி.யோடு வைத்துவிட்டேன். மாமா அடுத்த வாரம் ஏதோ ஆவணம் தேடும்போது அதை எடுத்துப் படித்தார்.

"இன்னா மாப்ள இது? இத வச்சிக்கினு விக்கப் போனா அஞ்சாயிரம் கொறச்சிக் கேப்பான். இன்ஜின்ல கைவச்ச வண்டின்னுடுவான்."

அவருக்கு வியாபாரம் தெரியும், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் மாமா என்றேன். விற்கிற அன்றைக்கு நான் அந்தத் தாளை எடுத்துவிடுவேனா மாட்டேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன், உறுதியாகப் பதில் வரவில்லை. இப்போதைக்குத் தாள் பெட்டிக்குள்தான் இருக்கிறது.